நம் கலைஞர்களுக்கு ஒரு நாள்: கொழும்பில் பெண்களும் பால் இருமைக்குள் அடங்காதவர்களும் கூடும் கலைவிழாவை முதல் தடவை நடத்துவது எப்படி

கொழும்பில் ஒரு தமிழ் நிகழ்ச்சியின் நிரலைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். மங்கல விளக்கேற்றல், வரவேற்பு நடனம், தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, சிறப்புரை, பொன்னாடை, நன்றியுரை. பெண்கள் வரவேற்பு நடனத்தில் வருவார்கள், வாசலில் சந்தனத் தட்டோடு நிற்பார்கள். சொந்தமாகக் கவிதை எழுதி ஒளித்து வைத்திருப்பவள், மொட்டைமாடியில் கிற்றார் பழகுகிறவள், தையல் மெசினாலேயே படம் வரைகிற அன்ரி, ஆண் என்றோ பெண் என்றோ தன்னைச் சொல்லிக்கொள்ளாமல் அற்புதமாக ஓவியம் போடுகிற பிள்ளை, இவர்களுக்கெல்லாம் அந்த நிரலில் இடமில்லை. இவர்களுக்கென்று ஒரு நாள் வேண்டும், எப்படித் தொடங்குவது என்று என்னிடம் கேட்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். நானும் சில தோழிகளும் வெள்ளவத்தையில் சின்னதாகச் செய்து பழகியதை வைத்து இதை எழுதுகிறேன்.

இது நாம் கண்டுபிடித்த யோசனை இல்லை. 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒலிம்பியா என்ற நகரத்தில் பெண்கள் கூடி லேடிஃபெஸ்ட் என்று ஒரு விழா நடத்தினார்கள். இசை, கவிதை, படம், பயிற்சிப் பட்டறை எல்லாம் கலந்தது, இலாப நோக்கமில்லாதது, தொண்டர்களே தூக்கிச் சுமந்தது. அதற்குத் தலைமை அலுவலகம் என்று ஒன்று கிடையாது, எந்த ஊரிலும் யாரும் அதே பெயரில் தாங்களே தொடங்கலாம் என்று விட்டார்கள், அதனால் கிளாஸ்கோ, லண்டன், ஆம்ஸ்டர்டாம் என்று அடுத்தடுத்த வருடங்களில் பரவியது. நம் பக்கத்திலும் வேர் இருக்கிறது. மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 1990களிலிருந்து பாட்டையும் நாடகத்தையும் கையில் எடுத்து வேலை செய்து வருகிறது, ஓவியர் கமலா வாசுகி போன்றவர்கள் ஓவியத்தையும் பெண்கள் இயக்கத்தையும் பிரிக்காமலே வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள். ஆகவே யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கீழே வருவதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. யார் மேடைக்கு வருவார்கள் என்பதை அழைப்பிதழ் தீர்மானிப்பதில்லை. விழா எத்தனை மணிக்கு முடிகிறது, வீட்டுக்குப் போக வழி இருக்கிறதா, கழிப்பறை எப்படி, பெயரையும் படத்தையும் எங்கே போடுகிறீர்கள், கையில் காசு கொடுக்கிறீர்களா, இந்த ஐந்தும்தான் தீர்மானிக்கின்றன. இவற்றைச் சரி செய்தால் "எங்கள் பக்கம் பெண் கலைஞர்களே இல்லையே" என்ற பேச்சு தானாக நின்றுவிடும்.

முதல் படி: ஏழு பேரும் ஒரு கொப்பியும்

ஐந்து பேருக்குக் குறைந்தால் வேலை முறிக்கும், பத்துக்கு மேல் போனால் முடிவே எடுக்க முடியாது. ஏழு நல்ல எண். ஏழு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துத் தோழிகளாக இருந்தால் விழாவும் அந்தப் பள்ளிக்கூடத்து விழாவாகத்தான் முடியும், ஆகவே வெள்ளவத்தையில் இருவர் என்றால் கொட்டாஞ்சேனையில் ஒருவர், கொம்பனித்தெருவிலோ தெமட்டகொடையிலோ தமிழ் பேசும் முஸ்லிம் தோழி ஒருவர், மலையகத்திலிருந்து வந்து இங்கே வேலை செய்கிறவர் ஒருவர் என்று தேடிச் சேருங்கள். பால் இருமைக்கு வெளியே இருப்பவர்களைக் கலைஞராக அழைத்தால் மட்டும் போதாது, ஏழு பேரில் ஒருவராவது அவர்களில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பெயர், கழிப்பறை, புகைப்படம் என்று ஒவ்வொன்றிலும் நீங்கள் ஊகித்துத்தான் முடிவெடுப்பீர்கள், அந்த ஊகம் பெரும்பாலும் பிழைக்கும்.

பிறகு ஒரு தடித்த கொப்பி வாங்குங்கள். வட்ஸ்அப் குழுவில் எல்லாம் இருக்கிறது என்று நம்பாதீர்கள், மூன்று வாரத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று தேடவே முடியாது. கூட்டத்தில் எடுத்த முடிவு, கொடுத்த காசு, வாங்கிய ரசீது, ஓட்டோக்காரரின் நம்பர் எல்லாம் அந்தக் கொப்பியில் இருக்கட்டும். அதைக் காக்கிற பொறுப்பு ஒருவருக்கு.

நாள் குறிப்பது

நான்கு மாதம் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். கொழும்பில் மே, ஜூனில் தென்மேற்குப் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் பின்னேரமானால் இடியோடு மழை. ஜனவரி, பெப்ரவரி வெயில் காலம். கலா பொல என்ற திறந்தவெளி ஓவியச் சந்தை 1993 முதல் விகாரமகாதேவி பூங்காப் பக்கத்து வீதியோரத்தில் நடந்து வருவதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். ஆனால் பொங்கல் வாரத்தைத் தவிருங்கள், பெப்ரவரி 4 சுதந்திர தினத்தை ஒட்டி வீதிகளை மூடுவார்கள், அதையும் பாருங்கள். நவராத்திரி ஒன்பது நாளும் பாடுகிற ஆடுகிற பிள்ளைகள் ஒருவரும் கையில் கிடைக்க மாட்டார்கள். ஆடிவேல் ஊர்வலம் செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்டு வரும் நாளில் காலி வீதியில் பஸ் நகராது. நோன்பு மாதத்தில் வைத்தால் முஸ்லிம் தோழிகள் மாலைக்கு முன்பே வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். உயர்தரப் பரீட்சை நடக்கும் வாரங்களில் ஒலிபெருக்கி போட்டால் அயலவர் சண்டைக்கு வருவார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. போயா நாள் எல்லோருக்கும் விடுமுறைதானே என்று தோன்றும், அன்று கேளிக்கைகளுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு, மண்டபக்காரர்களும் தயங்குவார்கள்.

நேரம் இதைவிட முக்கியம். எங்கள் முதல் விழாவைப் பின்னேரம் ஐந்தரைக்கு வைத்தோம், ஏழே காலுக்கெல்லாம் அம்மாமார் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள், கடைசியாகப் பாட இருந்த பிள்ளை மேடைக்கே வராமல் போய்விட்டாள். அடுத்த முறை காலை பத்து மணிக்குக் கண்காட்சியைத் திறந்து, பிற்பகல் இரண்டுக்கு மேடையைத் தொடங்கி, ஆறு மணிக்கு எல்லாவற்றையும் முடித்தோம். வெளிச்சம் இருக்கும்போதே புறப்பட்டுவிடலாம் என்றதும் அதே அம்மாமார் பிள்ளையோடு சேர்ந்து வந்து உட்கார்ந்தார்கள், ஒருவர் தானும் பாடுவதாகப் பெயர் கொடுத்தார். சனிக்கிழமை, பிற்பகல், ஆறு மணிக்கு முடிவு. வேறு எதை மாற்றினாலும் இதை மாற்றாதீர்கள்.

இடம்

முதல் விழாவுக்கே லயனல் வென்ட் என்று ஆசைப்படுபவர்கள் இருக்கிறார்கள். 1953 முதல் நாடகம் ஓடும் அருமையான அரங்கு, கண்காட்சிக்கும் இடமுண்டு, சந்தேகமில்லை. ஆனால் வாடகை, ஒளியமைப்பு, ஒத்திகை நேரம் என்று செலவு ஏறும், கறுவாத்தோட்டத்துப் பக்கமே போயிராத கொட்டாஞ்சேனை அக்காவுக்கு அந்த வாசலைத் தாண்டுவதற்கே ஒரு தயக்கம் இருக்கும். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் இருக்கிறது, காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் வந்து இறங்கி நடக்கலாம், ரயிலில் வந்தாலும் நடைதான், குடும்பத்தார் "அங்கேயா, சரி போ" என்று சொல்லக்கூடிய இடம். பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபமும் அப்படித்தான். பெயர் தெரிந்த இடம் என்பது பெண் பிள்ளைகளுக்குப் பாதி அனுமதி. அதே நேரம், தெரிந்த இடம் என்றால் தெரிந்த முகங்களும் வரும், பால் அடையாளத்தை வீட்டில் சொல்லாத கலைஞருக்கு அது ஆபத்து. அதனால் நாங்கள் இரண்டாகப் பிரித்தோம்: பகல் மேடை வெள்ளவத்தையில், கவிதை வாசிப்பும் கலந்துரையாடலும் இன்னொரு நாள் பொரளைப் பக்கம் ஒரு சிறிய அறையில், அழைத்தவர்களுக்கு மட்டும்.

இடம் பார்க்கப் போகும்போது மண்டபத்தின் அழகைப் பார்க்காமல் நேரே கழிப்பறைக்குப் போங்கள். கதவு உள்ளே பூட்டுகிறதா, தண்ணீர் வருகிறதா, சவர்க்காரம், மூடியுள்ள குப்பைத் தொட்டி இருக்கிறதா, மேடைக்குப் பின்னால் உடை மாற்ற அறை இருக்கிறதா, அதன் யன்னலுக்குத் திரை உண்டா. இரண்டு கழிப்பறையில் ஒன்றின் கதவில் "எவரும் பயன்படுத்தலாம்" என்று ஒரு தாள் ஒட்ட அனுமதி கேளுங்கள். ஒரு மண்டபத்தில் எங்களுக்கு மறுத்தார்கள், காரணமும் சொல்லவில்லை, நாங்கள் முற்பணம் கட்டாமல் வெளியே வந்துவிட்டோம். பிறகு சக்கர நாற்காலி ஏறுமா, எத்தனை பிளக் பொயின்ற், ஜெனரேட்டர் இருக்கிறதா, பூட்டும் நேரம் எத்தனை, காவலாளிக்கு இரவில் தனியாகக் காசு கொடுக்க வேண்டுமா என்று கேட்டு எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுங்கள்.

அனுமதிகள்

இதைப் பலர் கடைசி வாரத்துக்குத் தள்ளி மாட்டிக்கொள்வார்கள். ஒலிபெருக்கிக்கு அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு உயர் நீதிமன்றம் 2007இல் கொடுத்த உத்தரவுப்படி கட்டுப்பாடு உண்டு, ஆறு மணிக்கு முடிப்பவர்களுக்கு அந்தத் தலையிடி இல்லை. டிக்கெட் விற்றால் மாநகர சபையில் களியாட்ட வரி விடயம் வரும், டிக்கெட் அச்சடிக்கும் முன்பே போய்க் கேளுங்கள். நுழைவை இலவசமாக்கி வாசலில் உண்டியல் வைப்பது முதல் தடவைக்கு இலகு. நாடகம் போடுவதென்றால் பிரதியை முன்கூட்டியே கொடுத்து அனுமதி எடுக்க வேண்டும். 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் நடைமுறை அது, இன்னும் இருக்கிறது, தமிழ்ப் பிரதியை வாசிக்க ஆள் கிடைக்கும் வரை காத்திருக்கவும் நேரிடலாம், ஆகவே இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். சினிமாப் பாட்டை மேடையில் பாடினால் உரிமை பற்றிய கேள்வி வரும். சொந்தப் பாட்டுக்கு முதலிடம் என்று சொல்லிவிட்டால் அதுவும் குறையும், விழாவுக்கும் அதுதான் அழகு.

கலைஞர்களைத் தேடுவது

"கலைஞர்கள் விண்ணப்பிக்கலாம்" என்று ஒரு அறிவித்தல் போட்டால் ஏற்கெனவே தன்னைக் கலைஞர் என்று நம்புகிறவர்கள்தான் வருவார்கள். நாம் தேடுபவர்களில் பாதிப் பேர் தங்களை அப்படி நினைத்ததே இல்லை. ஆகவே நடந்து போய்த் தேடுங்கள். கொட்டாஞ்சேனையில் அதிகாலையில் வாசலில் புள்ளிக்கோலம் போடும் அம்மா, மருதானையில் கலியாண வீடுகளுக்கு மருதாணி வரைகிற பெண், செட்டியார் தெருக் கடைகளுக்கு ஆரி வேலை செய்து கொடுப்பவர், தேயிலைத் தோட்டத்தில் பாட்டி பாடிய பாட்டை இன்னும் ஞாபகம் வைத்திருக்கும் கடைப் பிள்ளை. தையலும் எம்பிராய்டரியும் கலையா என்று அவர்களே கேட்பார்கள். ஹேமா ஷிரோனி, வினோஜா தர்மலிங்கம் இருவரும் துணியிலும் நூலிலும் போரையும் இடப்பெயர்வையும் ஊரின் வரைபடத்தையும் தைத்துப் பெரிய காட்சிக்கூடங்களுக்குக் கொண்டு போனவர்கள், அவர்களின் படைப்புப் படங்களை ஃபோனில் காட்டுங்கள். எங்கள் தையல்கார அன்ரி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, மறுவாரம் யாழ்ப்பாணத்தில் தன் பழைய வீட்டுக் கிணற்றைத் தைத்துக் கொண்டு வந்தார்.

நாட்டுக்கூத்தில் பெண் வேடத்தை ஆண்கள் கட்டினார்கள், காமன் கூத்தில் ரதியும் ஆண்தான். பறையும் ஆண்களின் கையில்தான் என்று வைத்திருந்தோம். மட்டக்களப்பில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி வீதியில் இறங்கியது பலரின் கண்ணைத் திறந்தது. ஆகவே உங்கள் மேடையில் பரதமும் வீணையும் மட்டும் வந்தால் போதாது. பெண்களுக்கு எது "ஆகாது" என்று வைத்திருக்கிறோமோ அதைச் செய்கிறவர் யார் என்று தேடுங்கள். தவில், கூத்து, ராப், நின்று பேசும் நகைச்சுவை, எதுவானாலும்.

தெரிவு செய்யும்போது கைதேர்ந்தவர் பாதி, முதல் தடவை மேடை ஏறுபவர் பாதி என்று வையுங்கள். ஒருவருக்கு ஏழு நிமிடம். யாருக்கும் பதினைந்து நிமிடம் கிடையாது, பெரிய பெயருக்கும் கிடையாது, இதை முதலிலேயே சொன்னால் மனக்கசப்பு வராது.

காசு. "உங்களுக்கு மேடை தருகிறோம்தானே" என்று சொல்லிக் கலைஞருக்கு வெறுங்கை காட்டாதீர்கள். சவுண்ட்காரருக்குக் கொடுக்கிறோம், கதிரைக்காரருக்குக் கொடுக்கிறோம், சாப்பாட்டுப் பார்சலுக்குக் கொடுக்கிறோம், பாடுகிறவளுக்கு மட்டும் நன்றி. வரவு செலவை எழுதும்போது முதல் வரியில் கலைஞர் கொடுப்பனவையும் இரண்டாவது வரியில் போக்குவரத்தையும் எழுதிவிட்டு, மிச்சத்தில் மண்டபமும் மேடை அலங்காரமும் பாருங்கள். தொகை சிறிதாக இருக்கலாம், எல்லோருக்கும் ஒரே தொகையாக இருக்கட்டும், அன்றைக்கே உறையில் கையில் கொடுக்க வேண்டும்.

பெயர், விளிப்பு, மொழி

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும், நம் மொழியில் இது தனிக் கதை. எழுத்துத் தமிழில் "அவர் வந்தார்" என்றால் யாருக்கும் பொருந்தும். கலைஞர், கவிஞர், ஓவியர், இயக்குநர் எல்லாம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மற்றவர்க்கும் பொதுவான சொற்கள், பாடகி, நடிகை என்று பிரிக்க வேண்டிய தேவையே இல்லை, பாடகர், நடிகர் என்றே அச்சடிக்கலாம். ஆனால் நம் பேச்சில் அப்படியில்லை. நம்மில் பலர் வாயில் "அவர்" என்றால் ஆண், "அவ" என்றால் பெண், எழுத்தில் எல்லோரையும் அணைக்கிற சொல் மைக்கில் வந்ததும் ஒருவரை வெளியே தள்ளிவிடுகிறது. அதனால் அறிவிப்பாளருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: முடிந்தவரை பெயரைச் சொல்லு, தேவைப்பட்டால் "அவங்க" என்று சொல்லு, அக்கா, அண்ணா, தங்கச்சி என்று மேடையில் கூப்பிடாதே. அன்பாகத்தான் கூப்பிடுகிறோம், தெரியும். ஆனால் தன்னை அக்கா என்றும் அண்ணா என்றும் உணராத ஒருவர் அத்தனை பேர் முன்னால் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு பாட வேண்டியிருக்கும். எப்படிக் கூப்பிடலாம் என்று முன்பே தனியாகக் கேளுங்கள், சிலருக்கு "அக்கா" என்பதே பெரிய சந்தோஷமாக இருக்கும், அப்போது தாராளமாகக் கூப்பிடலாம்.

செல்வி, திருமதி இரண்டையும் நிரலிலிருந்து எடுத்துவிடுங்கள். கலியாணம் ஆனதா இல்லையா என்பது பாட்டுக்கு வேண்டாத தகவல். விளக்கேற்றவும் யாரை அழைப்பது என்று யோசியுங்கள். கணவனை இழந்தவர்கள் விளக்கைத் தொடக் கூடாது என்று இன்னும் ஒதுக்கி நிறுத்துகிற சபைகளைப் பார்த்திருக்கிறேன், நாங்கள் அவர்களில் ஒருவரைத்தான் முதலில் அழைத்தோம், கூடவே அன்று முதல் தடவை மேடை ஏறும் ஆகச் சின்னப் பிள்ளையையும். உரைகளுக்கு மொத்தமாகப் பத்து நிமிடம், ஒரு நிமிடமும் கூடாது.

பெயர் விடயத்தில் இன்னொரு நுணுக்கம். பெயர்ப் பட்டியலுக்கு ஒரு பெயர், வங்கிக் கணக்குக்கு இன்னொரு பெயர் இருக்கும். அடையாள அட்டையில் உள்ள பெயரைத் திருநர் பலர் வெளியே சொல்ல விரும்பமாட்டார்கள். 2016 முதல் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் எடுத்து ஆவணங்களை மாற்ற வழியுண்டு, ஆனால் எல்லோரும் அதை எடுத்திருக்கமாட்டார்கள், எடுக்க விரும்பாதவர்களும் உண்டு, ஆண், பெண் இரண்டிலும் தன்னை வைக்காதவருக்கு அந்த வழியும் பொருந்துவதில்லை. ஆகவே "மேடையில் எந்தப் பெயர்" என்பதைப் பட்டியல் வைத்திருப்பவர் கேட்கட்டும், காசாளர் மட்டும் மற்றப் பெயரைத் தெரிந்து வைத்திருக்கட்டும், இரண்டு தாளும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. உறையில் காசு கொடுங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

போஸ்டர்

மூன்று மொழியிலும் போடுங்கள், கொழும்பில் அது மரியாதை மட்டுமில்லை, சிங்களம் பேசும் தோழிகள் உண்மையாகவே வருவார்கள். வடிவமைப்பவர் தமிழ் தெரியாதவராக இருந்தால் மூன்று விடயம் நடக்கும்: தமிழ்ச் சொற்கள் நீளம் என்று எழுத்தைச் சிறிதாக்கிவிடுவார், மென்பொருளில் ஒட்டும்போது "கொ" போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறும், வரியை நினைத்த இடத்தில் முறித்துவிடுவார். அச்சுக்குப் போகும் முன் தமிழ் வாசிக்கும் ஒருவர் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும், எழுத்தளவு மூன்று மொழிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லுங்கள். போஸ்டரில் முடியும் நேரத்தைப் பெரிதாகப் போடுங்கள். வீட்டில் அனுமதி கேட்கிற பிள்ளைக்குத் தொடங்கும் நேரத்தைவிட முடியும் நேரம்தான் வேண்டும்.

பாதுகாப்பு

1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் 365, 365அ என்று இரண்டு பிரிவுகள் இருக்கின்றன, ஒருபாலுறவைக் குற்றமாக்கும் பிரிவுகள். 1995இல் செய்த திருத்தம் அதைப் பெண்களுக்கும் விரித்தது. அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது, அது பெரிய நம்பிக்கை. கலைவிழா நடத்துவதோ, ஒருவர் தன்னை இன்னார் என்று சொல்வதோ அந்தப் பிரிவுகளில் குற்றமில்லை, இருந்தாலும் அவற்றைக் காட்டி மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் தெரிந்து வைத்திருங்கள். நாங்கள் ஒரு பெண் சட்டத்தரணியை அன்று முழுநாளும் மண்டபத்தில் இருக்கக் கேட்டோம், அவரின் நம்பர் எல்லாத் தொண்டர்களின் ஃபோனிலும் இருந்தது.

புகைப்படம்தான் பெரிய தொல்லை. வாசலில் இரண்டு நிறத்தில் ரிப்பன் வையுங்கள், மஞ்சள் கட்டியவரைப் படம் எடுக்கலாம், சிவப்புக் கட்டியவரை எடுக்கக் கூடாது. பார்க்க வந்தவர்களுக்கும் இது பொருந்தும். முன்வரிசை இரண்டை மட்டும் படம் எடுக்கும் இடமாக்கி, மற்ற இடத்தில் ஃபோனைத் தூக்கினால் தொண்டர் மெதுவாகப் போய்ச் சொல்லட்டும். முகநூலில் நேரலை கூடவே கூடாது. ஒரு பிள்ளையின் பெரியப்பா கனடாவில் இருந்து நேரலையில் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஃபோன் எடுத்த கதை எங்களிடம் இருக்கிறது, அந்தப் பிள்ளை பிறகு ஒரு வருடம் எங்கும் பாடவில்லை.

யாராவது தொல்லை கொடுத்தால் யாரிடம் சொல்வது? இரண்டு பேரை இதற்கென்றே நியமித்து, அவர்களுக்கு வேறு வேலை கொடுக்காமல், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரே நிறச் சால்வை போடச் சொல்லுங்கள். ஆண்கள் வரலாமா என்று எப்போதும் கேட்பார்கள். எங்கள் முடிவு: பார்க்க வரலாம், கதிரை தூக்கலாம், சமையலில் நிற்கலாம், மைக் பிடிக்க முடியாது.

ஒலியும் சுவரும்

ஒலிப்பலகை இயக்க இரண்டு பெண்களை ஒரு மாதம் முன்பே பழக்குங்கள். வாடகைக்குச் சவுண்ட் தருகிறவரிடம் அரை நாள் சொல்லித் தரக் கேட்டால் நல்லவர்கள் சம்மதிப்பார்கள், விழா முடிந்தும் அந்தக் கைத்தொழில் அவர்களிடம் நிற்கும். ஒலிச் சோதனையைத் தலைகீழாகச் செய்யுங்கள்: கடைசியாக வருபவர் முதலில், முதலில் வருபவர் கடைசியில், அப்போதுதான் நிகழ்ச்சி தொடங்கும்போது மைக்கும் வயரும் முதல் ஆளுக்கு ஏற்றபடி இருக்கும். மைக் கூவினால் சத்தத்தைக் கூட்டாதீர்கள், பாடுகிறவரை ஸ்பீக்கருக்குப் பின்னால் நகர்த்துங்கள். முதல் தடவை மைக் பிடிப்பவருக்குக் காலையில் யாருமில்லாத மண்டபத்தில் ஐந்து நிமிடம் தனியாகக் கொடுங்கள்.

படங்களைக் கண்ணாடிப் பிரேமில் கேட்காதீர்கள், செலவும் பாரமும். வெள்ளவத்தைக் கடற்காற்றில் டேப் பின்னேரத்துக்குள் கழன்றுவிடும், காகிதம் சுருளும். பருத்திக் கயிறும் உடுப்புக் கிளிப்பும் போதும், துணி வேலைகளுக்கு மூங்கில் தடி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பெயர், என்ன பொருளால் செய்தது, விற்பனைக்கென்றால் விலை. விலை சொல்ல வெட்கப்படுவார்கள், கூட இருந்து விலை போட உதவுங்கள். விற்ற காசு முழுவதும் கலைஞருக்கு.

அன்றைய நாள்

காலை ஏழு மணிக்குத் தொண்டர்கள் மண்டபத்தில். பிளேன்டீயும் பணிசும் முதலில், பிறகுதான் வேலை. மதியச் சாப்பாடு ஹலாலாகவும் மரக்கறியாகவும் இருந்தால் எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிடலாம். ஒரு மூலையில் பாயும் கலர்ப் பென்சிலும் போட்டு ஒருவர் பிள்ளைகளோடு உட்காரட்டும், இல்லையென்றால் தாய்மார் பாட்டின் நடுவில் எழும்பிப் போய்விடுவார்கள். தொழுகைக்கு ஒரு சுத்தமான அறை. நாப்கின் பெட்டி கழிப்பறைக்குள்ளேயே, கேட்டு வாங்குகிற மாதிரி வேண்டாம்.

ஆறு மணிக்கு முடித்ததும் ஒருவர் வாசலில் கொப்பியோடு நிற்க வேண்டும். ஒரே பக்கம் போகிறவர்களை மூன்று மூன்று பேராகச் சேர்த்து, பிக்மீ செயலியில் அழைத்த வாகனத்திலோ தெரிந்த ஓட்டோவிலோ ஏற்றி, வாகன நம்பரை எழுதி, வீட்டுக்குப் போனதும் ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்கள். மட்டக்குளிக்குப் போகிறவர்தான் தூரம், அவரை முதலில் அனுப்புங்கள். கடைசி மெசேஜ் வரும் வரை அந்த ஒருவருக்கு வேலை முடியவில்லை.

பிறகு

மறுநாள் ஓய்வு. அந்த வாரத்துக்குள் விற்காத படைப்புகளைக் கலைஞரின் வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுங்கள், "வந்து எடுங்கள்" என்று சொன்னால் பாதி திரும்பிப் போகாது. புகைப்படங்களை வெளியிடும் முன் அவற்றில் உள்ளவர்களுக்கு அனுப்பிச் சம்மதம் எழுத்தில் வாங்குங்கள், சம்மதம் வராத படத்தை அழித்துவிடுங்கள். வரவு செலவை ஒரு பக்கத்தில் எழுதிக் கலைஞர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள். இரண்டு வாரம் கழித்து எல்லோரும் ஒரு வீட்டில் கூடித் தேநீர் குடித்து, எது சரிவரவில்லை என்று பேசுங்கள். அதை மறைக்காமல் கொப்பியில் எழுதி, அடுத்த முறை பொறுப்பெடுக்கும் இருவரிடம் கொப்பியைக் கொடுங்கள், அவர்களில் ஒருவராவது இந்த முறை முதல் தடவையாக மேடை ஏறியவராக இருக்கட்டும். ஜனவரி, பெப்ரவரிச் சனிக்கிழமைகள் கலியாணத்துக்கும் அரங்கேற்றத்துக்கும் போய்விடும், ஆகவே இப்போதே போய் முற்பணத்தைக் கட்டி, அந்த ரசீதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.